எந்த அடைக்கலமேரி?

ராயபுரம்,
27 மே 1935

அன்புள்ள டோரதி மிஸ்ஸுக்கு,

உங்கள் தம்பி வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சின்ன எஜமான் எப்படி இருக்கிறார்? போத்தனூர் முழுக்கக் கேட்கும்படி அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆங்கிலத்தில் எழுதினால் நான் ரொம்ப நல்ல பெண்ணாகிவிடுகிறேன், அதனால் தமிழிலேயே எழுது என்று சொன்னீர்கள். எழுதுகிறேன்.

வைத்தியக் கல்லூரி மனுவுக்கு நீங்கள் கேட்ட விவரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்டர்மீடியட் மதிப்பெண், அம்மை குத்திய சர்டிபிகேட், கண் பார்வை, உயரம். உயரம் நாலு அடி பத்து அங்குலம் என்று கம்பவுண்டர் எழுதினார். நான் குதிகாலை லேசாகத் தூக்கியதை அவர் பார்க்கவில்லை. நைனாவின் வேலைக்கு ‘ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர்’ என்று எழுதினேன். அம்மாவுக்கு ‘மீன் வியாபாரம்’. அம்மாவுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாமே என்று நைனா மெதுவாகச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பீடியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருக்கும் பழைய ஞானஸ்நானப் பத்திரம் கிழிந்துவிட்டது, கோயில் புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக நகல் வாங்கு என்று சொன்னீர்கள் அல்லவா? சனிக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார் அம்புரோசிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிய புத்தகத்தைப் பிரித்து, வரி வரியாக விரலை ஓட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. பிறகு இரண்டு வருஷம் தள்ளிப் புரட்டினார். அங்கேயும் நின்றது.

“நீ ஜேக்கப் பொண்ணு தானே? மதலேனம்மா பெத்தது?”

“ஆமாங்க.”

“அப்போ உனுக்கு எந்த அடைக்கலமேரி வோணும்?”

மிஸ், நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருத்தி 1916 பிப்ரவரி மூன்றாம் தேதி பிறந்தவள். இன்னொருத்தி 1918 ஆகஸ்டு இருபதாம் தேதி. அதே தாய், அதே தகப்பன், அதே தெரு. முதல் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாக ஒரு சிலுவை போட்டிருக்கிறது. நான் அதைப் பார்த்த பிறகுதான் உபதேசியார் விரலால் மூடினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தை தவறிப்போனால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். போனது திரும்பி வந்துவிட்டதாக மனசைத் தேற்றிக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும். எனக்கே அப்படி ஒரு அக்காள் இருந்தாள் என்றுதான் தெரியாது. பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் அம்மா ஒரு விரலைக் காட்டி “ஒண்ணே ஒண்ணு” என்பாள்.

என் பள்ளிக்கூடக் காகிதம் எல்லாவற்றிலும் இருப்பது 1916. அந்தச் சிலுவைக்காரியின் தேதி. கல்லூரி விதிப்படி ஜூலை முதல் தேதியன்று பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். காகிதத்தில் எனக்குப் பத்தொன்பது. நிஜத்தில் ஐம்பது நாள் குறைகிறது. மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு நகலையும் வாங்கி உங்களுக்கே அனுப்புகிறேன். ‘விவரங்கள் சரி’ என்று மனுவின் கீழே கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தானே. எதை வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஜூன் இருபதுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது.

உங்கள் மாணவி,
ஜே. அடைக்கலமேரி


போத்தனூர்,
30 மே 1935

அடி அடைக்கலம்,

நீ மட்டும் இப்போது பக்கத்தில் இருந்தால் காதைத் திருகியிருப்பேன். இரண்டு வருஷமாக உனக்குத் தவளையை அறுக்கக் கற்றுக்கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டேன்.

இதை ஏன் என்னிடம் சொன்னாய்? நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் நல்ல மனசாட்சியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது என் மனசாட்சியும் மருமகனும் முறை வைத்து அழுகிறார்கள். ஒருத்தர் ஓய்ந்தால் இன்னொருத்தர் ஆரம்பிக்கிறார்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன், கேள். உன் வயது தப்பு என்று நாமே போய்ச் சொன்னால் கல்வி இலாகாக்காரர்கள் முதல் வகுப்பிலிருந்து தோண்டுவார்கள். பொய் வயது காட்டிப் பரீட்சை எழுதினாள் என்று உன் எஸ்.எஸ்.எல்.சி.யை ரத்து செய்துவிட்டால் என்ன செய்வாய்? இன்டர்மீடியட் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு வருஷம் போவது மட்டுமில்லை, பதிமூன்று வருஷமும் போகும். மறுபடி அரிச்சுவடியா படிக்கப்போகிறாய்?

ஆகவே 1916. அந்த நகலை மனுவோடு வைத்துவிட்டேன். இன்னொன்று என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அது இருப்பதையே நீ மறந்துவிடு. நானும் மறக்கப் பார்க்கிறேன்.

குதிகாலைத் தூக்கி ஒரு அங்குலம் ஏமாற்ற வெட்கப்படாதவள் இதற்கு மட்டும் ஏன் கலங்குகிறாய் என்று தெரியவில்லை. சுகாதார விவரத் தாள் ஒன்று பாக்கி இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்பு. அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. கருவாடே கதி என்று கிடக்காமல் ஒரு டம்ளர் பாலும் குடி.

டோரதி


ராயபுரம்,
5 ஜூன் 1935

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

கேட்காதே என்று நீங்கள் எழுதியது வருவதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் எனக்கு வலித்தது. உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்? நைனாவிடம் சொன்னால் அவர் பீடி தேடப் போய்விடுவார். கடைசியில் பால் குடிக்கச் சொல்லியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அழுகை நின்றது.

நான் கேட்டபோது அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “எவன் சொன்னான்? அம்புரோசா? அந்தக் கெய்வன் வாயில பூட்டு போடணும்” என்றாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மூன்றாம் நாள் காலையில் கூடையைத் தலைக்கு ஏற்றப்போனவள், கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மூணு வயசுல உன்ன எங்க வுட்டுட்டுப் போவேன்? தலையில கூட, இடுப்புல நீ. வெயில்ல உன் மூஞ்சி வெந்துபூடும். கன்னியாஸ்திரீங்க இஸ்கூல்ல நெழலு கீது, மத்தியானம் கஞ்சி கீது. அஞ்சு வயசு ஆயிருக்கணும்னாங்க. வயசான காயிதம் ஒண்ணு வூட்ல கெடந்துச்சு. எடுத்துக்கினு போய் நீட்டுனேன். மூத்தது அத்த உனுக்குத்தான் வெச்சுட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கினேன். அது செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது? பேரு கீது, நீ கீறே.”

என்ன நோய் என்று கேட்டேன். “சொரம். ரெண்டே நாளு” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன், மீன் வாடையோடு. என்னைத் தள்ளிவிட்டு, நேரமாயிற்று என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வகுப்பில் எப்போதும் நான்தான் குள்ளம். கன்னியாஸ்திரீகள் என்னை மணி அடிக்கும் கயிற்றுக்குக்கூட எட்டாதவள் என்பார்கள். இப்போதுதான் காரணம் தெரிகிறது.

மிஸ், நீங்கள் அனுப்பிய சுகாதாரத் தாளில் ஆறாவது கேள்வி இப்படி இருக்கிறது: கூடப் பிறந்தவர்களில் இறந்தவர் யார், எந்த வயதில், எந்த நோயால். “யாரும் சாவலன்னு எழுது” என்கிறாள் அம்மா. 1916 என்று போட்டால் அப்படித்தான் எழுத வேண்டும். பேனாவை எடுத்து நாலு தடவை வைத்துவிட்டேன். அவளுடைய வயதை நான் இத்தனை வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தேன். நிழலில் உட்கார்ந்ததும் கஞ்சி குடித்ததும் அவள் பெயரில். அவள் இல்லவே இல்லை என்று என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கென்று இருப்பது புத்தக ஓரத்தில் இருக்கும் அந்தச் சிலுவை ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் தேடிப் பார்த்தேன், அங்கே ஒரு குறிகூட இல்லை.

ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கும் நகலை மனுவோடு வையுங்கள். இந்த வருஷம் போகும். எல்லாமே போனாலும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன். டாக்டராகாமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

உயரத்தையும் நாலு அடி ஒன்பது என்று திருத்திவிடுங்கள்.

அடைக்கலமேரி
(இரண்டாவது)


போத்தனூர்,
9 ஜூன் 1935

என் அருமை அடைக்கலம்,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். தம்பி பெண்சாதி, “அண்ணி, யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு பெண் ஒரு அங்குலம் குறைந்துவிட்டாள் என்றேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். கல்லூரியில் யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மனுவைப் போட்டேன். எனக்கு வயது குறையவில்லை, உச்ச வரம்பைவிட மூன்று மாதம் கூடிப்போயிருந்தது. சின்ன வயதில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வீட்டில் நின்றுவிட்டேன். அதனால் பள்ளிக்கூடத்துக்கே தாமதமாகத்தான் போனேன். பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் உள்ளதை எழுதினேன். மனு திரும்பி வந்தது. அன்றிலிருந்து தவளைதான்.

அந்தத் தம்பிதான் இப்போது ரயில்வேயில் கார்டு உத்தியோகம் பார்க்கிறான். அவன் பிள்ளையைத்தான் இப்போது தூக்கிக்கொண்டிருக்கிறேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உள்ளதைச் சொல்வதால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உன்மேல் அப்படிப் பாய்ந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. எனக்குப் பதிலாக நீ போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ உன் அக்காள் வயதில் படித்தது போதாதென்று, என் ஆசையையும் உன் தலையில் ஏற்றப் பார்த்தேன். மன்னித்துக்கொள், கண்ணே.

இந்த வருஷம் மனு போட வேண்டாம். முதலில் வயதைத் திருத்துவோம். மாஜிஸ்திரேட் கச்சேரியில் உன் அம்மா சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்: முதல் பிள்ளை இறந்தது, அதன் காகிதத்தைக் காட்டி இரண்டாவதைச் சேர்த்தது. அதோடு இரண்டு நகல், உபதேசியாரின் சாட்சி, என் கடிதம். எல்லாம் கல்வி இலாகாவுக்குப் போக வேண்டும். அவர்கள் மனசு வைக்கலாம், வைக்காமலும் போகலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, தெரிந்தது போல எழுத மாட்டேன்.

உன் அம்மா வருவாளா? அதுதான் கேள்வி. அவளிடம் நீ கெஞ்சாதே. பதினேழாம் தேதி காலை ரயிலில் நான் வருகிறேன். எனக்கு ஒரு சங்கரா மீன் குழம்பு வைக்கச் சொல். சாப்பிட்டுக்கொண்டே பேசிப் பார்க்கிறேன்.

உன் டோரதி


ராயபுரம்,
1 ஜூலை 1935

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

இன்று ஜூலை முதல் தேதி. இன்று எனக்குப் பதினேழு ஆகவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் நினைத்தேன். கொஞ்சம் அழுதேன், பிறகு பால் குடித்தேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்துக் கச்சேரி வரை கூட்டிவந்தது நீங்கள்தான், ஆனால் வராந்தாவிலேயே நின்றுவிட்டீர்கள், உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அன்றே ரயில் ஏறிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

குமாஸ்தா, “பிள்ளைகள் எத்தனை?” என்று கேட்டார். அம்மா வழக்கம்போல ஒரு விரலைக் காட்டினாள். “அப்படியானால் இந்த வாக்குமூலம் எதற்கு?” என்று அவர் எரிந்து விழுந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். கெஞ்சக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து, “ரெண்டு, சாமி. மூத்தது செத்துப்போச்சு” என்றாள். உரக்கச் சொல்லுங்கள் என்றார் அவர். இன்னொரு தடவை சொன்னாள். பெருவிரலில் மையைத் தடவி உருட்டினார்கள். வெளியே வந்தபோது உங்களிடம், “நான் வெச்ச கொயம்புல புளி ஜாஸ்தியாப் போச்சா கண்ணு?” என்று கேட்டாளே, அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நடந்தது இது.

டிராமில் திரும்பினோம். கோயில் வந்ததும் இறங்கிவிட்டாள். நேராக உபதேசியாரிடம் போய், “எங்க கீது அது, காட்டு” என்றாள். அவர் பயந்துபோய்ப் புத்தகத்தைப் பிரித்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதுதான் பெயர், இதுதான் சிலுவை என்று நான் காட்டினேன். அவள் குனிந்து, அந்த வரியைத் தலையைத் தடவுவது போலப் பெருவிரலால் தடவினாள். கச்சேரி மை முழுசாகக் காயவில்லை மிஸ். “ஐயய்யோ, கோயில் பொஸ்தகம்மா!” என்று உபதேசியார் கத்தினார். சிலுவைக்குப் பக்கத்தில் லேசாக ஒரு கறை விழுந்துவிட்டது. “இருக்கட்டும், பெத்தவ கைதானே” என்றாள் அம்மா. கறை காயும்வரை அவர் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் எண்ணூர் போகிறேன். அங்கே சின்னம்மா வீட்டில் தங்கி, கோயில் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறுபடி அரிச்சுவடியா என்று கேட்டீர்கள் அல்லவா, அப்படியே ஆயிற்று.

அடைக்கலமேரி


சென்னை, கல்லூரி விடுதி,
14 நவம்பர் 1935

அடி எண்ணூர் டீச்சரம்மா,

வந்துவிட்டது! தபால்காரர் கொடுத்ததும் படிக்கட்டிலேயே நின்று பிரித்தேன். நான் போட்ட சத்தத்தில் பிரின்சிபால் அம்மாள் அறையைவிட்டு வெளியே வந்து யாருக்கு என்ன என்றார். அவரையும் கட்டிப்பிடித்துவிட்டேன். இனி என் உத்தியோகம் என்னவாகுமோ தெரியாது.

கல்வி இலாகாவின் உத்தரவு இதுதான்: பிறந்த தேதி 20 ஆகஸ்டு 1918 என்று திருத்தப்பட்டது. பரீட்சைகள் செல்லும். பொய்த் தஸ்தாவேஜு காட்டிப் பள்ளியில் சேர்ந்ததற்காக மாணவி கண்டிக்கப்படுகிறாள். மூன்றே முக்கால் வயதில் நீ செய்த குற்றத்துக்கு இலாகா உன்னைக் கண்டித்திருக்கிறது, இனிமேலாவது ஒழுங்காக இரு.

உன் வகுப்புப் பொடிசுகளுக்கு என் சார்பில் ஆளுக்கொரு பொரிவிளங்காய் உருண்டை வாங்கிக் கொடு. உன் அம்மாவுக்கு இன்றே சொல்லி அனுப்பு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. எனக்கு வந்த பதில் இப்படி இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிஷம்தான்.

டோரதி


ராயபுரம்,
26 ஜூன் 1936

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

சின்ன எஜமானுக்கு ஒரு வயது முடிந்ததற்கு முத்தங்கள். நீங்கள் லீவு முடிந்து போத்தனூரிலிருந்து வரும்வரை எனக்குப் பொறுக்காது, அதனால் எழுதுகிறேன்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் என் தாளைப் பார்த்துக்கொண்டே வந்து, ஆறாவது கேள்வியில் நின்றார். “இறந்தவர் பெயர் கேட்ட இடத்தில் உன் பெயரையே எழுதியிருக்கிறாய். இவ்வளவு கவனக்குறைவு ஒரு வைத்தியருக்கு ஆகாது” என்றார்.

“பிழை இல்லை ஐயா. அது என் அக்காள். ஒன்றே முக்கால் வயதில் ஜுரத்தில் இறந்தாள். மேலே எழுதியிருப்பது நான்” என்றேன்.

பக்கத்திலிருந்த லேடி டாக்டர், “இன்டர்மீடியட் முடித்து ஒரு வருஷம் ஆகிறதே, போன வருஷம் ஏன் வரவில்லை?” என்று தமிழில் கேட்டார். “ஐம்பது நாள் குறைந்தது அம்மா” என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் வெள்ளைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, நாலு அடி ஒன்பது அங்குலத்துக்கு அறுவை மேசை எட்டுமா என்று கேட்டார். முக்காலி போட்டுக்கொள்வேன் என்றேன். சிரித்தார்.

நேற்று கடிதம் வந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது, மிஸ். ஜூலை ஆறாம் தேதி சேர வேண்டும். நைனா அழுதுகொண்டே பீடி தேடினார். பீடி அவர் காதிலேயே இருந்தது.

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நேற்று மட்டும் அவளோடு நானும் போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், வாடிக்கையாக மீன் வாங்கும் சீனியம்மாள் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். சீனியம்மாள் மீனைப் புரட்டிக்கொண்டே, “இன்னா மதலேனம்மா, உன் ஒத்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போவுதாமே?” என்றார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒத்தப் பொண்ணு இன்னாத்துக்கு? எனுக்கு ரெண்டு பொண்ணு. பெரிசு கல்லறையில கீது. அதுதான் சின்னத இஸ்கூலுக்கு அனுப்பிச்சுது.”

பிறகு சீனியம்மாளுக்கு இரண்டு மீன் கூடுதலாகவே போட்டாள்.

உங்கள்
சின்ன அடைக்கலமேரி